நடுப்பெயர்

காகிதம் உங்களுடையது,
சொற்கள் எழுதியவருடையவை
என்றார் வக்கீல் நிலோஃபர்.
ஃபோர்ட்டில் மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
அம்மா அப்பாவுக்கு எழுதிய
நாற்பத்தோரு இன்லேண்ட் கடிதங்கள்
மேசையில் நீலமாய்க் கிடந்தன.
இறந்து அறுபது வருடம்வரை
சொற்கள் வாரிசுகளுக்காம்.
வாரிசு நானும் அக்காவும்தான் என்றேன்.
அப்படியென்றால் அக்காவிடமும் கையெழுத்து.

அம்மா கோபத்தில் எழுதினதுக்கெல்லாம்
நான் ஏண்டி கையெழுத்துப் போடணும்,
நாலாசோப்ராவிலிருந்து அக்கா கத்தினாள்.
அப்புறம் போட்டாள்.
நடுவில் பேனா தீர்ந்ததால்
பாதிப் பெயர் நீலம், பாதி சிவப்பு.

செத்தவர்களைவிட இருப்பவர்களைப் பாருங்கள்,
கோர்ட்டுக்கு வருவது அவர்கள்தான்.
கைப்பிரதியில் உயிரோடிருப்பவர்களை எல்லாம்
பென்சிலால் வட்டமிட்டார்.
வட்டிக்கு விட்ட கோலிவாடா மளிகைக்காரர்:
பெயரை மாற்றுங்கள், கடையையும் மாற்றுங்கள்.
மாமாவின் சீவ்ரி ஆஸ்பத்திரிச் சீட்டு:
பிழைத்து எழுந்து அந்தேரியில் இருக்கிறார் அல்லவா,
நோய் அவர் சொந்த விஷயம்.
ஏழாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வட்டம்.
விலாஸ்.

சகா? என்று இந்தியில் கேட்டார்.
கூடப்பிறந்தவரா என்று அர்த்தம்.
தமிழில் அது தோழன்.
எதற்கும் நான் தலையாட்டவில்லை.

விலாஸ் முனிசிபாலிட்டியில் தண்ணீர் வால்வு திறப்பவர்.
குர்லாவில் எந்தச் சந்துக்கு
எத்தனை மணிக்குக் குடம் நிறையும் என்பது
அவர் கையிலிருக்கும் இரும்புச் சாவியில் இருக்கிறது.
அவருக்குத் தமிழ் படிக்க வராது.
நான் வரிவரியாய் உரக்கப் படித்து
எனக்கு வந்த பம்பாய் இந்தியில் சொன்னேன்:
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா
வியாழக்கிழமைதோறும் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு
குர்லா ரயில் ஏறியதை.

வியாழன் இல்லை, செவ்வாய் என்றார் விலாஸ்.
எங்கள் வீட்டில் வியாழன், நான் சொன்னேன்.
எங்கள் வீட்டுக்குச் செவ்வாய்தான் வருவார்,
பிஸ்கட் பொட்டலம், நன்றாக ஞாபகம்.
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அப்புறம் அவர்தான் முதலில் சிரித்தார்.

எழுதிக்கோ, போட்டோ மட்டும் வேண்டாம்,
மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன்.
ஒப்புதல் படிவத்தை விரித்தேன்.
முழுப்பெயர் என்ற இடத்தில்
அவர் பேனா நின்றுவிட்டது.

இந்த ஊரில் அப்பன் பெயர் நடுவில் வரும்.
ரேஷன் கார்டு, சர்வீஸ் புக், ஆதார் எல்லாவற்றிலும்
அவர் விலாஸ் சதாசிவ் பவார்.
சதாசிவ், தாய்மாமன்.
பள்ளியில் சேர்த்த அன்று
நடுப்பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்க
சுமன்பாய் பேசாமல் நின்றாராம்.
வரிசையில் பின்னால் நின்ற அண்ணன்
தன் பெயரைக் கொடுத்தாராம், குடை கொடுப்பதுபோல.

விலாஸ் மெதுவாக எழுதினார்.
தேவநாகரியில், எழுத்துக்கூட்டி,
ழகரத்துக்கு வழியில்லாமல் ளகரம் போட்டு
விலாஸ் பளனிமுத்து பவார்.
ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை.
எழுதிவிட்டுத் தூரப் பிடித்துப் பார்த்தார்.
சரியா என்று என்னைக் கேட்டார்.
சரி என்றேன்.

இது செல்லாதே, என்றார் நிலோஃபர்.
ஆதாரில் இருக்கிறபடி போட்டு வாங்கி வாருங்கள்,
வேறு பெயர் என்றால் வேறு ஆள்.
ஆதாரில் இருக்கிறபடி போட்டால்
இந்த அத்தியாயமே வேறு ஆள்தானே, மேடம்?
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதற்குச் சட்டத்தில் எதுவும் சொல்லவில்லை,
பீஸ் ஐயாயிரம்.

புதுப் படிவம் ஒன்று கைப்பையில் இருக்கிறது.
பழையதும் இருக்கிறது, மடிக்காமல்,
அம்மாவின் கடிதங்களுக்கு நடுவே.
அதுகூடப் பரவாயில்லை.
அந்த வியாழக்கிழமைகள் இருக்கின்றனவே,
அவற்றுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்கி
எந்தக் கதவைத் தட்டி
யாரிடம் அனுமதி கேட்பது?